வீட்டுப் பெயர்

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆட்டோ நின்றபோது மழை விட்டுத் தூறலாக இருந்தது. மடியிலிருந்த சேவந்திப் பூப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேரல் இறங்கினாள். உள்ளே பந்தலையும் சீரியல் விளக்குகளையும் எட்டிப் பார்த்த ஆட்டோக்காரன், “ஏன் மேடம், இல்லி மதுவேனா?” என்று கேட்டுவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். கல்லறையில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? பாட்டுப் பண்டிகை என்று அவள் கன்னடத்தில் சொன்னதும் இன்னும் குழம்பிப் போய் வண்டியைத் திருப்பினான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. மைசூரில் எத்தனையோ தலைமுறையாக இருக்கும் இந்தத் தமிழ்ச் சபைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இது வேடிக்கையாகத்தான் தெரியும். ஊரில் பிளேக் வந்து வீடு வீடாகப் பிணம் விழுந்த காலத்தில் ஞானாதிக்கம் உபதேசியார் என்று ஒருவர் இருந்தார். பிழைக்க வந்த தமிழ் ஜனங்களுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர். கல்லறைத் திருநாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருடைய கல்லறையைச் சுற்றி உட்கார்ந்து அவருடைய பாட்டுகளைப் பாடுவார்கள். ஒரு காலத்தில் ஒற்றை ஆர்மோனியமும் அரிக்கேன் விளக்கும்தான். இப்போது கீபோர்டு, கிட்டார், ஸ்பீக்கர், தெர்மாகோல் எழுத்து எல்லாம் வந்துவிட்டது. டீக்குப் போண்டாவா கேசரிபாத்தா என்று கமிட்டியில் ஒரு மாதம் சண்டை நடக்கும். கன்னடச் சபைக்கு எத்தனை பாட்டு கொடுப்பது என்பதற்குத் தனிச் சண்டை. யாருடைய சமாதியென்று கூடப் பார்க்காமல் அதன்மேல் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். செத்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எல்லாம் நம்ம ஆட்கள்தானே என்று சிரிப்பார்கள்.

கடைசிப் பாட்டு வரும்போது மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அதற்கு அழைப்புப் பாட்டு என்று பெயர். அந்த வருஷம் வீட்டில் சாவைக் கண்டவர்கள் மட்டும் எழுந்து உபதேசியார் கல்லறைக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவராக ஒரே ஒரு தடவை, இறந்தவர் பெயரைச் சேர்த்து அந்த வரியைப் பாட வேண்டும்.

‘மாலை வந்தது, மந்தை வந்தது,
என் கண்ணே, நீ எங்கே?’

கண்ணே என்கிற இடத்தில் பெயர். பதில் வரியும் பாட்டுப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. எல்லோருக்கும் மனப்பாடமும்கூட. ஆனால் அதை யாரும் பாடுவதில்லை. ஆர்மோனியத்தில் சுருதியை மட்டும் ஒரு மூச்சு நேரம் பிடித்திருப்பார்கள். அந்த மௌனம் போனவர்களுக்குரியது, அதில் நாம் வாய் வைக்கக் கூடாது என்பது வழக்கம். பிறகு அடுத்தவர் பாடுவார்.

இந்த வருஷம் அந்த வரிசையில் கேரல் நிற்க வேண்டும்.

அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. பெண்கள் அவளுடைய கையைப் பிடித்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் பூ நல்லா இருக்கே என்றார்கள். கணவன் கிளைவ் பந்தல் ஓரத்தில் மைக் ஒயரை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். பிள்ளை போனதிலிருந்து அவன் எப்போதும் எதையாவது ரிப்பேர் செய்துகொண்டே இருந்தான். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவான் என்று கேரலுக்குத் தெரியும்.

மதிலோரம் புதிய கல்லறைகள் இருந்தன. மழையில் செம்மண் இன்னும் முழுசாக இறுகவில்லை. வெள்ளைக் கல்லில் ‘ஆஷ்லி ஜேன்’ என்று பொறித்திருந்தது. பத்தாம் வகுப்பு முடிக்காத பிள்ளை. கேரல் பூவைப் பரப்பி மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஈரத்தில் திரி பற்ற மறுத்தது. குனிந்து கையால் மறைத்து ஏற்றும்போது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பாட்டுக்குழுவை நடத்தும் கொர்னேலியஸ். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன். ஆனால் தாளம் தப்பினால் சொந்தத் தம்பியையும் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்.

“கேரல், உனக்குத் தெரிஞ்சதுதான். இருந்தாலும் சொல்றது என் கடமைம்மா,” என்றார். “ஞானஸ்நானப் பேரைத்தான் சொல்லணும். ஆஷ்லி ஜேன். அஷ்டே, அவ்வளவுதான். வீட்டுல கூப்பிடுற பேரை எடுக்கவே கூடாது.”

“ஏன்ணா?”

அவர் கல்லறையைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். “கோயில்ல வெச்ச பேரு ஆண்டவர் காதுல விழும். வீட்டுப் பேரு அவங்க காதுலயே விழுந்துரும். வேண்டாம்மா.”

சரி என்று தலையாட்டினாள். ஆனால் அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆஷ்லி ஜேன் யார்? ஸ்கூல் அட்டெண்டன்ஸில் ஒரு பெயர். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுத்த காகிதத்தில் ஒரு பெயர். பேச்சு வந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் தொணதொணத்த பிள்ளைக்குக் கிளைவ் வைத்த பெயர் மிட்டு. கிளி மாதிரி பேசுகிறாள் என்று மிட்டு. மிட்டு, சாப்பிட வா. மிட்டு, லைட்டை அணை. வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் ஆஷ்லி ஜேன் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அது திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

கேரல் நர்ஸ். இந்த வருஷ மழைக்காலத்தில் வார்டு முழுக்க டெங்கு. மிட்டுவுக்கும் காய்ச்சல் வந்தது. மத்தியானம் கிளைவ் போன் செய்து, காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆள் இல்லை, இன்னொரு ஷிப்ட் பார் என்று சிஸ்டர் கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டாள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் மோசமான நேரம். அதை எத்தனையோ அம்மாக்களுக்கு வாய் வலிக்கச் சொன்னவள் அவள். தன் பிள்ளை விஷயத்தில் மட்டும் மறந்துபோனாள். சாயங்காலம் வீட்டிலிருந்து வந்த அழைப்புகள் லாக்கரில் இருந்த போனில் அடித்து அடித்து ஓய்ந்தன.

“தூக்கத்துலயே போயிட்டா,” என்றுதான் கிளைவ் சொன்னான். “ஒரு தடவ உன்னக் கேட்டா. அம்மா வருவான்னு சொன்னேன். நிம்மதியா தூங்கிட்டா.”

ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்குப் பதில் சொல்லியிருந்தால் போதும் என்று கேரலுக்கு இருந்தது. இனி வாழ்க்கையில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. பிள்ளை கூப்பிட்டதற்கு, இங்கேதான் இருக்கேன் என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.

பொழுது சாய்ந்தது. கன்னடச் சபையார் பாடினார்கள், பிள்ளைகள் கிட்டார் வாசித்தார்கள், போண்டா தீர்ந்துபோனதற்கு யாரோ கோபித்துக்கொண்டார்கள். பிறகு சீரியல் விளக்குகளை அணைத்தார்கள். மெழுகுவர்த்திகள் மட்டும் கல்லறைக்குக் கல்லறை எரிந்தன. ஈர மண்ணும் சேவந்தியும் கலந்த வாசனை எழும்பியது. எங்கிருந்தோ தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

கொர்னேலியஸ் ஆர்மோனியத்தின் துருத்தியை அசைத்தார். வரிசையில் முதலில் நின்ற கிழவர் தன் மனைவியை அழைத்தார். மௌனம். அடுத்து ஒரு இளைஞன் தன் அப்பாவை அழைத்தான். மௌனம்.

கேரல் மைக் முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் பிறகு எல்லோரும் சொன்னது, குரல் நடுங்கவே இல்லை என்று.

‘மாலை வந்தது, மந்தை வந்தது,
என் மிட்டு, நீ எங்கே?’

முன்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். கிளைவ் ஒயரை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

தவளைச் சத்தம் நின்றது.

ஆர்மோனியத்தின் சுருதி மெல்லக் கீழே இறங்கியது. கொர்னேலியஸ் தன் விரலைப் பார்த்தார். விரல் கட்டையின் மேல்தான் இருந்தது. துருத்தியும் ஒரே சீராகத்தான் அசைந்தது. ஆனாலும் சுருதி இறங்கிக்கொண்டே போய், மூச்சு விடச் சிரமப்படும் ஒருவருடைய முனகல் மாதிரி ஆகி, நின்றுவிட்டது.

மதிலோரம் ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது. மற்றவை எல்லாம் எரிந்தன.

பதில் வரவில்லை. கேரல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், எதுவும் வரவில்லை. யாரோ அவளைத் தோளில் அணைத்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பயமாக இல்லை. ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கிளைவ் ஹால் விளக்கைப் போட்டான். கேரல் டீ போட அடுக்களைக்குப் போனாள். பால் பொங்கி வரும் நேரம், ஈர மண் வாசனை அடித்தது. கூடவே சேவந்தி வாசனை. பூவெல்லாம் கல்லறையிலேயே வைத்துவிட்டு வந்தோமே என்று நினைத்தாள்.

மிட்டுவின் அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

“அம்மா... பந்த்யா?”

வந்துட்டியா என்று கன்னடத்தில். பள்ளிக்கூடமும் தெருவும் கன்னடம்தான் என்பதால், தூக்கக் கலக்கத்தில் மிட்டுவுக்கு எப்போதும் கன்னடம்தான் வரும்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கேரல் ஓடினாள்.

கட்டிலில் பிள்ளை படுத்திருந்தது. அன்று போட்டிருந்த அதே நீலப் பனியன். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கேரல் முழங்காலிட்டு விழுந்து அதை வாரி அணைத்தாள். உடம்பு இருந்தது, எடை இருந்தது, எண்ணெய் வைத்த தலையின் வாசனை இருந்தது.

“வந்துட்டேன்டா தங்கம்! அம்மா வந்துட்டேன்! இங்கதான் இருக்கேன், பாரு!”

மிட்டு அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலாக வாசல்படியைப் பார்த்தது.

“அம்மா, பந்த்யா?”

“இங்கதான்டா இருக்கேன். மிட்டு! இந்தப் பக்கம் பாரு!”

“அம்மா... எப்ப வருவே?”

கேரல் அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண்கள் அவளை ஊடுருவி வாசலைத்தான் தேடின. கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று பிசுபிசுத்தது. தன்னையறியாமல் நாடியில் விரலை வைத்தாள். நூல் மாதிரி ஓடியது. காய்ச்சல் விட்டிருந்தது.

எந்த நேரம் இது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கிளைவ் நின்றிருந்தான். அவனுக்குக் கட்டிலில் எதுவும் தெரியவில்லை. ஆனால் காதில் விழுந்தது. முகம் வெளுத்துக் கிடந்தது.

“இப்ப தண்ணி கேப்பா,” என்று கிசுகிசுத்தான்.

“டாடி... தண்ணி,” என்றது மிட்டு.

கேரல் மெதுவாகத் திரும்பினாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

“தூங்கலடி. அவ தூங்கவே இல்ல. சாயங்காலத்துலருந்து உன்னத்தான் கூப்பிட்டா. வாசல்ல எது சத்தம் கேட்டாலும் பந்த்யா பந்த்யான்னு. நான் போன் மேல போன் போட்டேன். ஆட்டோவுல தூக்கிட்டுப் போறப்பவும் கூப்பிட்டா. உன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?”

கேரலுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனையும் சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் கையில் பிள்ளை இருந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வாயில் விட்டாள். தண்ணீர் தலையணையில்தான் வழிந்தது. காலைத் தேய்த்தாள், பெயரைச் சொல்லிக் கத்தினாள், தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். இவ்வளவு காலம் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்ததெல்லாம் தன் பிள்ளைக்கு ஒட்டவில்லை. கடைசியில் மூச்சு ஏங்கி ஏங்கி வந்தது. “அம்மா...” என்று ஒரு தடவை. பிறகு அதுவும் இல்லை.

கட்டில் காலியாக இருந்தது. தலையணை மட்டும் ஈரம்.

மறுநாள் கொர்னேலியஸ் வந்தார். கிளைவ்தான் போய்க் கூட்டி வந்தான். அவர் மிட்டுவின் அறைப் பக்கம் போகவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேரல் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“இன்னைக்கும் வருவா,” என்றார். “பொழுது சாயுற நேரம். தெனமும் வருவா. வீட்டுப் பேரைச் சொல்லி இழுத்தா அவங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. கடைசியா இந்த வீட்டுல எந்த நிலைமையில இருந்தாங்களோ, அந்த நிலைமைக்கே வருவாங்க. அதனாலதான்மா வேண்டாம்னேன்.”

“தெனமும் இப்படிச் சாகணுமா அண்ணா என் பிள்ளை?” கேரல் கேட்டாள். “நான்தானே இழுத்துட்டு வந்தேன். திரும்ப அனுப்புறதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

“வீட்டைப் பூட்டிட்டுப் போயிருங்க. குண்டலுபேட்டையில உங்க அக்கா இருக்காங்கள்ல? ஒரு வருஷம் இந்தப் பக்கமே வராதீங்க. பதில் கெடைக்காம கெடைக்காம, அழைப்போட சக்தி தேஞ்சு போயிரும். அடுத்த பண்டிகைக்குள்ள அடங்கிரும்.”

“ஒரு வருஷமா? தெனமுமா?”

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உபதேசியார் என்ன செஞ்சாரு?” என்றாள் கேரல். “அவரும் கூப்பிட்டிருப்பாரு. இல்லாட்டி இந்த வழக்கம் எங்கருந்து வந்துச்சு?”

கொர்னேலியஸ் கிளைவைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தடுமாறுவது தெரிந்தது. பாட்டுக்குழுத் தலைமை கைமாறும்போது காதோடு காதாகச் சொல்லப்படும் சங்கதி அது.

“அவர் கடைசிப் பொண்ணை வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. பிளேக் காய்ச்சலோடயே வந்துச்சு. அப்பா அப்பான்னு தேடிக்கிட்டே. அவர் பக்கத்துல இருந்து கத்துனாலும் அதுக்குக் கேக்கல. அப்பத்தான் அந்தப் பதில் வரியைக் கட்டுனாரு. அதை அவரே பாடுனாரு. பொண்ணுக்குக் கேட்டுச்சாம். அன்னைக்கே அடங்கிருச்சாம்.”

“அப்ப நானும் பாடுறேன்.”

“பேடாம்மா, வேண்டாம்!” அவர் எழுந்தே விட்டார். “அந்த வரி அந்தப் பக்கத்து ஆளுங்களோடது. பாடுனவங்களும் அந்தப் பக்கத்து ஆளாயிருவாங்க. அதுக்கப்புறம் உபதேசியாரை யாரும் கண்ணால பாக்கல. நாம வருஷா வருஷம் பூப்போடுறோமே, அந்தக் கல்லறைக்குள்ள ஒண்ணும் இல்ல கேரல். வெறும் கல்லு.”

கிளைவ் அவளுடைய கையை இறுகப் பிடித்தான். “அண்ணன் சொல்றபடியே செய்வோம். சாயங்காலத்துக்குள்ள கிளம்பிருவோம். சாக்கு கேரல், போதும். உன்னையும் என்னால குடுக்க முடியாது.”

அவனுடைய முகத்தைப் பார்த்துச் சரி என்றாள். அந்த நேரத்தில் அவள் மனசார‌த்தான் சொன்னாள். இருவரும் பெட்டி கட்டினார்கள். ஆனால் கேஸை மூடுவதும், ஜன்னல்களைச் சாத்துவதும், பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதுமாக நேரம் ஓடிவிட்டது. போதாததற்கு மழையும் பிடித்துக்கொண்டது. மழையில் சந்துக்குள் எந்த ஆட்டோவும் வராது. மெயின் ரோட்டுக்குப் போய்க் கையோடு கூட்டி வருகிறேன் என்று கிளைவ் குடையை எடுத்தான்.

“வாசல்லயே நில்லு. உள்ள போகாதே,” என்றான். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். “பிராமிஸ்?”

“பிராமிஸ். போங்க.”

கேரல் பெட்டிகளோடு வாசலில் நின்றாள். சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. வானம் கறுத்து வந்தது. எந்த நிமிஷமும் ஆட்டோவின் வெளிச்சம் திரும்பும், ஏறிப் போய்விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“அம்மா... பந்த்யா?”

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா?”

பொத்தியும் கேட்டது.

நாளைக்கு இதே நேரத்தில் இந்த வீடு பூட்டிக் கிடக்கும். விளக்கு இருக்காது. தண்ணி கேட்டால், இரு என்று சொல்ல அப்பன்கூட இருக்க மாட்டான். இருட்டில் தனியாகப் படுத்து வாசலைப் பார்த்துக் கூப்பிடும், கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாகும். மறுநாளும் வரும். அக்கா வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்காரும்போது, இப்போது கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரிந்துகொண்டே அந்தச் சோற்றை எடுத்து வாயில் வைக்க வேண்டும். கிளைவை நினைத்தாள். நல்ல மனுஷன், தனியாகிப் போய்விடுவானே. அவனுக்காக இன்னும் கொஞ்ச நேரம் அந்த வாசலில் நின்றும் பார்த்தாள்.

“அம்மா, எப்ப வருவே?”

உள்ளே போனாள்.

பிள்ளையின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது வாசலையே பார்த்தது. கேரல் அதன் நெற்றியைத் துடைத்துவிட்டு, யாரும் பாடாத அந்த வரியைத் தாலாட்டு மாதிரி மெல்லப் பாடினாள்.

‘வாசல் கடந்தேன், வழியும் முடிந்தது,
இங்கே நான், உன் அருகே.’

மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பி கம்பியாக விழுந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

மிட்டுவின் கண்கள் வாசலிலிருந்து நகர்ந்தன. மெல்ல மேலே வந்தன. அம்மாவின் முகத்தில் வந்து நின்றன.

“பந்த்யா,” என்றது. இந்தத் தடவை கேள்வி இல்லை.

“வந்துட்டேன்டா.”

“எவ்ளோ நேரம் கூப்பிட்டேன் தெரியுமா?”

“தெரியும்டா தங்கம். இனிமே எங்கயும் போமாட்டேன்.”

அது ஒரு பெருமூச்சு விட்டது. கையில் சூடு ஏறியது. நாடி நிதானமாயிற்று. கொஞ்ச நேரத்தில் கன்னத்தை அம்மாவின் புடவையில் அழுத்திக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, சின்ன வயசில் தூங்கின மாதிரியே தூங்கிவிட்டது. கேரல் குனிந்து அதன் உச்சியை முத்தமிட்டாள். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. இவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்த பாறை இறங்கிப் போயிருந்தது.

வாசலில் ஆட்டோவின் வெளிச்சம் திரும்பியது.

“கேரல்! வா, ஏறு!”

பெட்டிகள் மட்டும் நிற்பதைக் கிளைவ் பார்த்திருப்பான். குடை கீழே விழுந்தது. ஓடி வந்தான். ஹாலில் தேடினான், அடுக்களையில் தேடினான். பிறகு இந்த அறை வாசலில் வந்து நின்றான். நேராகக் கட்டிலைப் பார்த்தான்.

“இங்கதாங்க இருக்கேன்,” என்றாள் கேரல்.

அவனுடைய பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது.

“கேரல்?”

“இங்க பாருங்க. உங்களுக்கு முன்னாலதான் இருக்கேன்.”

அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பாத்ரூம் கதவைத் தள்ளினான். பின்வாசலைத் திறந்து மழையில் நின்று கத்தினான். திரும்பவும் ஒவ்வொரு அறையாக வந்தான். கேரல், கேரல் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அவள் பதில் சொன்னாள். எழுந்து போய் அவனைத் தொடலாம்தான். ஆனால் மடியில் பிள்ளையின் தலை இருந்தது. அசைந்தால் விழித்துக்கொள்ளும், விழித்தால் மறுபடியும் தேடும்.

அவன் களைத்துப் போய் அறை நடுவில் வந்து நின்றான். வாய் கோணி, குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான்.

மிட்டு தூக்கத்தில் புரண்டது. கேரல் அதன் முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். தட், தட், தட்.

கிளைவின் அழுகை சட்டென்று நின்றது. அவன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். காலிக் கட்டிலிலிருந்து வரும் அந்தச் சத்தம், பிள்ளையைத் தூங்க வைக்கும் ஒரு கையின் சத்தம், அவனுக்குக் கேட்டுவிட்டது. அவன் அப்படியே முழங்காலிட்டு விழுந்து, படுக்கை விரிப்பைத் தடவித் தடவி, “கேரல், கேரல்” என்று வீடு அதிரக் கத்தினான்.

“மெதுவாக் கூப்பிடுங்க,” என்றாள் அவள். “பிள்ளை இப்பத்தான் தூங்குறா.”